இலையில் ஒளி பாய்ச்சி நோயின் பெயரைச் சொல்லும் கருவி: வாங்கலாமா?

வயற்காரன் (சம்மாந்துறை):

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். கடந்த வாரம் ஒரு நிறுவனத்தின் முகவர் எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) கூட்டம் வைத்தார். உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றைக் காட்டினார். நெல் இலையை அதன் வாயில் கவ்வக் கொடுத்தால் நீல வெளிச்சம் மின்னுகிறது. ஐந்து விநாடியில் கைத்தொலைபேசித் திரையில் "எரிபந்தம்", "நைதரசன் குறைவு", "அறக்கொட்டி" என்று ஏதாவது ஒரு பெயர் வந்து விழுகிறது. முதலாவது பங்கசு (பூஞ்சை) நோய், கடைசி சாறு உறிஞ்சும் தத்திப் பூச்சி. விலை இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் ரூபாய். ஒன்பது பேர் பங்கு போட்டு வாங்கலாம் என்று பேச்சு நடக்கிறது.

எனக்கு இது சின்ன விடயம் அல்ல. 2021 இல் இரசாயன உரம் கிடைக்காமல் செய்த பெரும்போகத்தில் எங்கள் ஐந்து ஏக்கர் வேளாண்மையும் கண்முன்னே வெளிறியது. அது பசியா நோயா என்று சொல்ல ஆளில்லை. பக்கத்து வயற்காரர் நோய் என்று நினைத்து இரண்டு தடவை மருந்து எண்ணெய் அடித்தார். பணமும் போனது, வயலும் திரும்பவில்லை. இப்போது எங்கள் பயிருக்கு ஐம்பது நாள். கீழ்க்கண்டத்தில் (பள்ளத்து வயலில்) ஒரு மூலை மீண்டும் மஞ்சள் அடிக்கிறது. வாப்பாவுக்கு முழங்கால் வலி. வரம்பில் நின்று பார்ப்பதோடு சரி. ஒளியைப் பாய்ச்சி நோயை அறிவது உண்மையான விஞ்ஞானமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குள் முகவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வந்தாறுமூலை மாணவி:

விஞ்ஞானம் உண்மையானது அண்ணா. தாவர உடற்றொழிலியலில் இதே வகைக் கருவியோடுதான் நான் வேலை செய்கிறேன். முகவர் அதன் மேல் ஏற்றிவைத்த பேச்சுத்தான் சிக்கல்.

வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சையம் பிடிக்கும் ஒளி, குளத்திலிருந்து திறந்துவிட்ட நீர் போன்றது. பெரும்பங்கு வயலுக்குப் பாய்கிறது. அது ஒளித்தொகுப்பு. கூடிப்போனது, குளம் நிரம்பி வழிவதுபோல வான் பாய்கிறது. அது வெப்பமாக வெளியேறுவது. மிகச் சிறிய பங்கு, நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, வரம்பில் கசிவதைப் போலச் சிவப்பு ஒளியாக இலையிலிருந்து திரும்பி வருகிறது. அதைத்தான் உடனொளிர்வு என்கிறோம். வயல் நீரை இழுக்காவிட்டால் கசிவு மாறும். ஆகவே கசிவை அளந்தால் உள்ளே பாய்ச்சல் எப்படி நடக்கிறது என்று ஊகிக்கலாம். இலையை வெட்டத் தேவையில்லை, அரைக்கத் தேவையில்லை. எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே அதுதான். உயிருள்ள இலையை வருத்தாமல் அதனிடம் நலம் விசாரிக்கிறோம்.

1931 இல் ஜெர்மனியில் கவுட்ஸ்கி, ஹிர்ஷ் என்ற இருவர் இருட்டில் வைத்திருந்த இலைமீது நீல ஒளியைப் பாய்ச்சிச் சிவப்புக் கண்ணாடி வழியாகக் கண்ணாலேயே பார்த்தார்கள். இலை முதலில் பளிச்சென்று சிவந்தது. பிறகு சில நிமிடங்களில் மங்கியது. மடை திறந்தவுடன் கீழ்வாய்க்கால்கள் இன்னும் ஆயத்தமாகாததால் கசிவு கூடுகிறது. அவை இழுக்கத் தொடங்கியதும் கசிவு குறைகிறது. நாங்கள் இன்று எடுக்கும் அளவு இதிலிருந்து வளர்ந்ததுதான். இருட்டில் இருந்த இலையின் மிகக் குறைந்த ஒளிர்வையும், ஒரு கணம் கடும் வெளிச்சம் கொடுத்தபோது வரும் மிகக் கூடிய ஒளிர்வையும் அளந்து, வித்தியாசத்தைக் கூடியதால் வகுக்கிறோம். நலமான இலைக்குப் பெரும்பாலான பயிர்களில் விடை 0.83 அளவில் வரும். கடும் வெயில், வெப்பம், நஞ்சு எல்லாம் அதைக் கீழே இறக்கும்.

இப்போது அந்த ஐந்து விநாடிக்கு வருகிறேன். இந்த அளவை எடுக்க இலை 20 முதல் 30 நிமிடம் இருட்டில் இருக்க வேண்டும். அதற்கென்று சிறிய கவ்விகள் உண்டு. வெயிலில் நிற்கும் இலையைப் பிடித்த கையோடு அளந்து 0.83 உடன் ஒப்பிட்டால், அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. முகவர் இலையை இருட்டில் வைத்தாரா?

வயற்காரன் (சம்மாந்துறை):

இல்லை தங்கச்சி. உச்சிவெயிலில் வரம்பில் நின்றபடியே காட்டினார்.

வேளாண்மைக்காரன் (கொக்கட்டிச்சோலை):

தம்பி, படித்தவர்கள் குறை சொல்லத்தான் செய்வார்கள். நாங்கள் கண்ணால் பார்க்கும்போது வேளாண்மை ஏற்கனவே பாதி செத்திருக்கும். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு கண்டத்தில் புரோப்பனில் களைநாசினி அடித்தேன். மூன்றாம் நாள் பூச்சி கண்டதால் பூச்சிநாசினி அடித்தேன். களையோடு நெல்லும் சேர்ந்து கருகியது. கடைக்காரர் பங்கசு என்று சொல்லி இன்னொரு போத்தல் தந்தார். அன்றைக்கு இப்படி ஒரு கருவி இருந்திருந்தால் அந்தப் போகம் தப்பியிருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஏழைக்குக் கிடைக்கும் கருவியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

வந்தாறுமூலை மாணவி:

மாமா, உங்களுக்கு நடந்தது மிகவும் வருத்தமானது. அதற்கான விளக்கமும் ஒளிர்வுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

புரோப்பனில், இலைக்குள் ஒளித்தொகுதி இரண்டு என்ற இடத்தில் மடையை அடைக்கும் நஞ்சு. மடை அடைபட்டால் ஒளியின் சக்தி முன்னே போக வழியில்லாமல் இலை வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒளிரும். களை அப்படியே வாடிச் சாகிறது. ஆனால் நெற்பயிரில் அந்த நஞ்சைத் துண்டாக்கும் ஒரு நொதியம் வலுவாக உண்டு. அதனால் நெல் முதலில் கொஞ்சம் தடுமாறி, சில நாட்களில் எழுந்துவிடும். ஆனால் காபமேற்று வகை, ஒர்கனொபொசுபரசு வகைப் பூச்சிநாசினிகள் அந்த நொதியத்தையே முடக்கிவிடும். அடுத்தடுத்து அடித்தால் நெல்லுக்கும் களைக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். உங்கள் வயலைக் கருக்கியது பங்கசு அல்ல. இரண்டு போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததுதான்.

உண்மையான ஒளிர்வு மானி அன்று இருந்திருந்தால் மடை அடைபட்டிருக்கிறது என்று காட்டியிருக்கும். அந்த வகையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதன் வாயிலிருந்து எந்தப் போத்தலின் பெயரும் வந்திருக்காது. நீங்கள் அடித்த கணக்கைக் கேட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொன்றும் உண்டு. நைதரசன் கொஞ்சமாகக் குறைந்தால் இந்த 0.83 பெரும்பாலும் அசைவதே இல்லை. இலை வெளிறும், பச்சையம் குறையும், ஆனால் மிஞ்சிய பச்சையம் ஒழுங்காகவே வேலை செய்யும். 2021 இன் பசியை இந்த அளவு ஆரம்பத்தில் காட்டியிருக்காது.

நுணுக்குக்காட்டி (மட்டக்களப்பு):

வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இருபது வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல விரும்புகிறேன். மனித நோயிலும் இதே குழப்பம் உண்டு.

காசநோய்க்குச் சளியைப் பார்க்கும்போது ஒரமீன் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசுகிறோம். காசநோய்ப் பற்றீரியாவின் மெழுகுபோன்ற சுவர் அந்தச் சாயத்தை அமிலம் ஊற்றினாலும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. நீல ஒளியில் பார்த்தால் கறுப்பு வானத்தில் மஞ்சள்பச்சைக் கோடுகளாகத் தெரியும். பழைய முறையில் எண்ணெய் விட்டு மிகக் கூடிய உருப்பெருக்கத்தில் புலம் புலமாகத் தேட வேண்டும். இதில் குறைந்த உருப்பெருக்கம் போதும். ஒரே பார்வையில் அகன்ற பரப்பு தெரிவதால் ஒரு கண்ணாடித் தகட்டுக்கான நேரம் வெகுவாகக் குறைகிறது. 2011 இல் உலக சுகாதார நிறுவனம் எல்.ஈ.டி. விளக்குள்ள நுணுக்குக்காட்டிகளைப் பரிந்துரைத்தது. பழைய பாதரச விளக்குகள் சில நூறு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். எல்.ஈ.டி. பல ஆயிரம் மணித்தியாலம் நிற்கும். எண்ணிக்கை கூடிய நாட்களில் கழுத்தும் கண்ணும் வலிக்க வேலை செய்தவனுக்குத்தான் அந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

நான் சொல்ல வந்தது இதுதான். இங்கே நோயை அடையாளம் காட்டுவது ஒளி அல்ல, சாயம். கிருமியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்வது சாயத்தின் வேலை. ஒட்டிய இடத்தை எங்களுக்குக் காட்டுவது மட்டுமே ஒளியின் வேலை. கொரோனா காலத்துப் பி.சி.ஆர். பரிசோதனையும் அப்படித்தான். வைரசின் குறிப்பிட்ட மரபுத் துண்டை மட்டும் தேடிப் பிணையும் ஒரு துணுக்கில் ஒளிரும் மூலக்கூறைக் கட்டியிருப்பார்கள். இயந்திரம் அந்த ஒளிர்வு எத்தனையாவது சுற்றில் எழுகிறது என்று பார்க்கும். உங்கள் முகவரின் கருவி இலைமீது எந்தச் சாயத்தையும் பூசவில்லை. எதுவும் கிருமியைத் தேடிப் போகவில்லை. பிறகு பெயர் எங்கிருந்து வருகிறது?

வந்தாறுமூலை மாணவி:

ஐயா, ஒரு கேள்வி. சில கிருமிகள் சாயமில்லாமல் தாமாகவே ஒளிர்வதாகப் படித்திருக்கிறேன். அப்படியானால் ஒளி மட்டும் போதும் அல்லவா?

நுணுக்குக்காட்டி (மட்டக்களப்பு):

நல்ல கேள்வி மகள், அதை நான் விட்டுவிட்டேன். 1903 இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரொபர்ட் வூட் உருவாக்கிய வடிகட்டிக் கண்ணாடியை வைத்துத்தான் தோல் வைத்தியர்கள் வூட் விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். இருட்டறையில் அதைப் பிடித்தால், தொடை இடுக்கிலும் அக்குளிலும் வரும் எரித்திராசுமா என்ற பற்றீரியாத் தொற்று பவளச் சிவப்பாக ஒளிரும். அந்தப் பற்றீரியா உண்டாக்கும் போபிரின் என்ற பொருள்தான் காரணம். தலையில் வரும் படையில் சில வகைப் பங்கசுகள் பச்சையாகத் தெரியும், வேறு வகைகள் ஒளிரவே மாட்டா. களிம்பும் சவர்க்கார மிச்சமும் துணி நூலும்கூட ஒளிரும். அதனால் அந்த விளக்கு சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும். முடிவு சொல்வதற்குச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும் வளர்ப்புச் செய்வதும் வேண்டும்.

உங்கள் துறைக்கும் எங்கள் துறைக்கும் இன்னொரு உறவு உண்டு. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி 660, 940 நனோமீற்றர் அளவிலான இரண்டு ஒளிகளை விரலுக்குள் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்க்கிறது. ஜப்பானியர் அவோயாகி எழுபதுகளில் கண்ட வழி. நெல் இலையைக் கவ்வும் பச்சைய மானி 650, 940 ஐப் பயன்படுத்துகிறது. ஒன்று குருதிச் சிவப்பைக் கேட்கிறது, மற்றது இலைப் பச்சையைக் கேட்கிறது.

பாசிக்குடாச் சுழியோடி:

வயலைப் பற்றி எனக்குத் தெரியாது, முருகைக்கல்லை (பவளப்பாறையை)ப் பற்றிச் சொல்லலாம். இரவில் நீல டோர்ச்சும் மஞ்சள் கண்ணாடியும் கொண்டு இறங்கினால் எங்கள் கடலடி பச்சையும் செம்மஞ்சளுமாக ஒளிரும். அந்த நிறங்கள் பெரும்பாலும் முருகைப் பிராணியின் சொந்தப் புரதங்களிலிருந்து வருகின்றன. பிராணியின் உடலுக்குள் குடியிருக்கும் பாசி தனியாகச் சிவப்பாக ஒளிர்கிறது. மாணவி சொன்ன அதே பச்சையந்தான். நீருக்குள் கொண்டுபோகும் ஒளிர்வு மானிகள் அந்தப் பாசியைத்தான் அளக்கின்றன. கடல் சூடாகும்போது கல் வெளிறுவதற்கு முன்பே பாசியின் அளவு இறங்கத் தொடங்குகிறது.

1998 இன் வெளிறலைப் பார்த்த மூத்தவர்கள் வெள்ளையாகக் கிடந்த கற்களைப் பற்றித் தொண்டை அடைக்கப் பேசுவார்கள். 2016 இல் எங்கள் பக்கம் நானே கண்டேன். ஆனால் எல்லாம் வெள்ளையாகவில்லை. சில கற்கள் பாசியை இழந்தபின் முன்பைவிடப் பிரகாசமான நிறத்தோடு நின்றன. சுற்றுலா வந்தவர்கள் எத்தனை அழகு என்று படம் எடுத்தார்கள். பாசியின் நிழல் போனதும் கல் தன் ஒளிர்புரதத்தைக் கூட்டிக்கொள்கிறது, வெயிலுக்குக் குடை பிடிப்பதுபோல. கூடுதலாக ஒளிர்வது கூடுதலான நலம் என்று அன்றைக்குப் பிறகு நான் நினைப்பதில்லை.

வேளாண்மைக்காரன் (கொக்கட்டிச்சோலை):

இதெல்லாம் செய்மதியிலிருந்து பார்க்க முடியும் என்று வானொலியில் கேட்டேன். அப்படியானால் கருவியே வேண்டாமே?

வந்தாறுமூலை மாணவி:

பார்க்கிறார்கள் மாமா. சூரிய ஒளி நிறமாலையில் இயற்கையாகவே கரிய கோடுகள் உண்டு. இலைகளின் மெல்லிய சிவப்பு அந்தக் கரிய இடத்தில் சற்றே நிரம்புவதைக் கொண்டு அளக்கிறார்கள். 2011 இல் ஜப்பானின் கோசற் செய்மதித் தரவுகளிலிருந்து உலகப் படங்கள் வெளிவந்தன. பிறகு வந்த செய்மதிகள் இன்னும் நெருக்கமாகப் பார்க்கின்றன, ஆனாலும் ஒரு புள்ளி சில கிலோமீற்றர் அகலம். சம்மாந்துறை வட்டை முழுவதும் ஒரு புள்ளிக்குள் போய்விடும். மஞ்சள் அடித்த மூலையை அது அறியாது. பத்து மீற்றர் அளவில் நிறத்தைப் பார்க்கும் செய்மதிப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பெரும்போகத்தில், பயிருக்கு ஐம்பது நாளாகும் காலத்தில், எங்கள் வானம் வடகீழ்ப் பருவக்காற்று முகிலால் மூடிக்கிடக்கும்.

கல்முனை டீச்சர்:

காக்கா, பங்குகாரர்களுக்கு இந்த ஒளிர்வைக் கண்ணால் காட்டிவிடுங்கள். அதன்பிறகு யார் பேசினாலும் மயங்க மாட்டார்கள். ஒரு பிடி பசளிக் கீரையைக் கசக்கி, வைத்தியசாலை ஸ்பிரிட்டில் அரை மணித்தியாலம் ஊறவைத்து வடியுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது, ஸ்பிரிட் தீப்பற்றும். கண்ணாடிக் குவளையில் ஊற்றி இருட்டறையில், கடைக்காரர்கள் நோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சைப் பக்கத்திலிருந்து பிடியுங்கள். பச்சை நீர் இரத்தச் சிவப்பாக ஒளிரும். என் பிள்ளைகள் முதல் தடவை பார்த்தபோது வகுப்பே அமைதியானது. 1833 இல் ஸ்கொட்லாந்தின் புரூஸ்டர் பச்சையச் சாற்றில் இந்தச் சிவப்பைக் கண்டார்.

பிறகு அதே டோர்ச்சை முழு இலைமேல் பிடியுங்கள். சிவப்பு மிக மங்கலாகவே இருக்கும், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இலை உயிரோடு இருக்கும்போது ஒளியை உழைப்புக்கு எடுத்துக்கொள்கிறது. சாற்றில் வாய்க்கால் உடைந்துவிட்டது, நீர் கசிந்து போகிறது.

நைதரசனுக்கு இலை நிற அட்டையைப் பாருங்கள். விதைத்த மூன்றாம் வாரம் தொடங்கிப் பூக்கும் வரை பத்து நாளுக்கு ஒரு தடவை, பத்து இடத்தில், முழுதாக விரிந்த இளைய இலையின் நடுப்பகுதியை உங்கள் உடம்பின் நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே ஆள், ஒரே நேரம். பத்தில் ஆறு இலை அட்டையில் சொன்ன நிறத்தைவிட வெளிறி இருந்தால் யூரியா கேட்கிறது என்று பொருள்.

நுணுக்குக்காட்டி (மட்டக்களப்பு):

தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். ஆய்வுகூடத்தில் புதிய கருவி வந்தால் நாங்கள் விடை தெரிந்த மாதிரிகளைப் பெயர் மறைத்துக் கொடுப்போம். ஒரே மாதிரியை வேறு இலக்கத்தில் இரண்டு தடவையும் கொடுப்போம். இலைகளை நீங்களே பறித்து, இலக்கம் மட்டும் போட்டு, வயலைக் காட்டாமல் முகவரிடம் கொடுங்கள்.

வயற்காரன் (சம்மாந்துறை):

செய்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஒன்பது பேரும் வந்தார்கள்.

மஞ்சள் மூலையிலிருந்து மூன்று இலை, அந்த மூலையின் ஓரத்தில் இன்னும் பச்சையாக நின்ற மூன்று இலை, மேட்டுக்கண்டத்து நல்ல இலை மூன்று. பத்தாவதாக ஒரு நல்ல இலையைச் சுடுநீரில் ஒரு நிமிடம் தோய்த்துத் துடைத்து வைத்தேன். முகவர் மரியாதையான இளைஞர், மறுக்காமல் உட்கார்ந்து அளந்தார். சுடுநீர் இலைக்கு "எரிபந்தம்" என்று வந்தது. மஞ்சள் இலை ஒன்றை மூன்று தடவை கொடுத்தோம். இரண்டு தடவை "நைதரசன் குறைவு", ஒரு தடவை "எரிபந்தம்".

பிறகு மாணவி சொன்னபடி எல்லா இலைகளையும் கறுப்புத் துணியில் மூடி அரை மணித்தியாலம் வைத்து, பெயரை விட்டுவிட்டு அதன் அடியில் சிறிதாக வரும் எண்ணை மட்டும் எழுதினோம். நல்ல இலை மூன்றும் 0.8 இன் பக்கத்தில் நின்றன. மஞ்சள் இலைகள் நன்றாக இறங்கியிருந்தன. என்னை உலுக்கியது ஓரத்துப் பச்சை இலைகள். கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை, எண் மட்டும் இறங்கியிருந்தது. பயிரின் வருத்தம் மூலையோடு நிற்கவில்லை, வெளியே பரவுகிறது.

அந்த எண்களைக் கேட்டதும் வாப்பா பேசாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். முழங்காலோடு வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. பச்சையாக நின்ற ஓரத்தில் ஒரு நெற்பூண்டை இரண்டு கையாலும் விலக்கி அடியைக் காட்டினார். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டு முழுவதும் அறக்கொட்டி. இலையை அது தொடவே இல்லை. நாங்கள் ஒன்பது பேரும் ஒரு வாரமாக இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தாறுமூலை மாணவி:

அண்ணா, வாசித்ததும் கண் கலங்கியது. தண்டின் அடியில் சாற்றை உறிஞ்சும்போது மேலே இலைக்குப் போகும் பாதை கெடுகிறது. அதனால் எண் இறங்கியிருக்கிறது. அவசரப்பட்டுக் கிடைத்த பூச்சிநாசினியை மேலிருந்து அடிக்க வேண்டாம். தத்தியைத் தின்னும் சிலந்திகள் முதலில் சாகும், தத்தி இன்னும் கூடிவரும். நீரை வடித்து மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். அந்த மூலையில் இப்போது யூரியாவும் போடாதீர்கள். விவசாயப் போதனாசிரியரை உடனே கூப்பிடுங்கள்.

வயற்காரன் (சம்மாந்துறை):

போதனாசிரியர் நேற்று வந்தார், அதையேதான் சொன்னார். கடைவாயை வெட்டி நீரை விட்டுவிட்டோம். கருவியை வாங்கவில்லை. முகவரிடம் எண்ணை மட்டும் காட்டும், இருட்டுக் கவ்வியோடு வரும் கருவி இருந்தால் கொண்டுவரும்படி சொன்னோம், விசாரிப்பதாகச் சொல்லிப் போனார். நிற அட்டை ஒன்பது பேருக்கும் கமநல சேவை நிலையத்தில் கேட்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பின்னறையில் கல்முனை டீச்சரின் கீரைச் சாற்றுச் சோதனையைச் செய்கிறோம். கொக்கட்டிச்சோலை மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று காலை மழை விட்டால் ஓரத்துப் பூண்டுகளை மறுபடி விலக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று இங்கே எழுதுகிறேன்.